சிங்கப்பூர் காப்பிக்கடையில் காயா டோஸ்ட்: முதல் தடவை போகிறவர்களுக்கு

சிங்கப்பூர் போகும் நம்மவர்கள் பலர் காலைச் சாப்பாட்டை லிட்டில் இந்தியாவில் இட்லி, தோசையோடு முடித்துக்கொள்கிறார்கள். தப்பில்லை. ஆனால் ஒரு காலையையாவது அந்த ஊர்க் காப்பிக்கடைக்கு ஒதுக்குங்கள். காயா டோஸ்ட், அரைவேக்காட்டு முட்டை இரண்டு, ஒரு காப்பி. சாப்பாடு இவ்வளவுதான். எப்படிக் கேட்பது, எப்படிச் சாப்பிடுவது என்று தெரிந்துகொண்டு போனால் ருசியே வேறு.

சீனாவின் ஹைனான் தீவிலிருந்து சிங்கப்பூருக்குப் பிழைக்க வந்தவர்களில் நிறையப் பேர் பிரிட்டிஷ்காரர்களின் வீடுகளிலும் கப்பல்களிலும் சமையல் வேலை பார்த்தார்கள். பிற்பாடு சொந்தமாகக் கடை போட்டபோது, அங்கே பழகிய ரொட்டி, வெண்ணெய், முட்டையோடு அந்தப் பக்கத்துத் தேங்காய்ப்பாலையும், வாசனைக்குப் போடும் ரம்பை (பாண்டன்) இலையையும் சேர்த்துக்கொண்டார்கள். காயா என்பது தேங்காய்ப்பால், முட்டை, சர்க்கரை, ரம்பை இலை சேர்த்து நிதானமாகக் கிளறி எடுக்கும் ஜாம். ரம்பை தூக்கலாக இருந்தால் பச்சை நிறம், சர்க்கரையைக் கருக்கிச் சேர்த்தால் பழுப்பு. முட்டை சாப்பிடாதவர்கள் கவனிக்கவும்: காயாவிலேயே முட்டை உண்டு. வெண்ணெய் மட்டும் வைத்து டோஸ்ட் கேட்டு வாங்கலாம்.

1. கடையும் இடமும்

கில்லினி சாலையில் 1919-லிருந்து நடக்கும் கில்லினி கோப்பித்தியாம், 1944-ல் தொடங்கிய யா குன் இரண்டும் பெயர் பெற்றவை. இரண்டுக்கும் இப்போது ஊர் முழுக்கக் கிளைகள். புதியவர்களுக்குக் கிளைக் கடைகள் சுலபம், விலைப்பட்டியலில் படம் போட்டிருக்கும். என்னைக் கேட்டால் குடியிருப்புக் கட்டடங்களின் கீழே இருக்கும் பழைய காப்பிக்கடைதான் நல்ல இடம். அங்கே சில்லறையாகக் கொஞ்சம் வெள்ளி கையில் இருக்கட்டும் (சிங்கப்பூர்த் தமிழர்கள் டாலரை வெள்ளி என்றுதான் சொல்வார்கள்). ஹலால் பார்க்கிறவர்கள் கடையில் சான்றிதழ் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

மேசை காலியாக இருந்தும் அதன்மேல் ஒரு டிஷ்யூ பாக்கெட் கிடந்தால் உட்காராதீர்கள். யாரோ இடம் பிடித்துவிட்டுச் சாப்பாடு வாங்கப் போயிருக்கிறார் என்று அர்த்தம்.

2. காப்பி சொல்வது

இதற்குத்தான் கொஞ்சம் பயிற்சி வேண்டும். பழைய முறையில் கொட்டையைச் சர்க்கரையும் மார்ஜரினும் சேர்த்துக் கருக வறுப்பார்கள். தூளை நீளமான துணிப்பையில் போட்டு வெந்நீர் ஊற்றி, ஒரு குவளையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி மாற்றி வடிப்பார்கள். டிகாக்‌ஷன் தார் மாதிரிக் கறுப்பாக வரும்.

வெறுமனே ‘கோப்பி’ என்றால் கண்டென்ஸ்டு மில்க் போட்டது. ‘கோப்பி ஓ’ பால் இல்லாதது, ஆனால் சர்க்கரை உண்டு. ‘கோப்பி சி’ என்றால் இனிப்பில்லாத டின் பாலும் சர்க்கரையும். சர்க்கரையே வேண்டாம் என்றால் பின்னால் ‘கோசோங்’, குறைவாகப் போதும் என்றால் ‘சியூ டாய்’. கெட்டியாக வேண்டுமானால் ‘காவ்’, ஐஸ் போட வேண்டுமானால் கடைசியில் ‘பெங்’. அப்படியே கோத்துச் சொல்ல வேண்டியதுதான்: “அங்கிள், கோப்பி சி சியூ டாய், ஒன்று!” கல்லாவில் இருக்கும் பெரியவரை அங்கிள், ஆன்ட்டி என்று கூப்பிடுவதுதான் அங்கே மரியாதை. தேநீருக்கும் இதே கணக்கு, ‘கோப்பி’க்குப் பதில் ‘தே’.

நம் ஃபில்டர் காப்பிக்குக் கொஞ்சம் பக்கத்தில் வருவது கோப்பி சி. ஆனாலும் முதல் தடவை வெறும் கோப்பியே குடியுங்கள். அதன் கருகிய கசப்பும் கண்டென்ஸ்டு மில்க்கின் இனிப்பும்தான் இந்தச் சாப்பாட்டுக்குப் பொருந்தும். பால் அடியில் தங்கியிருந்தால் கரண்டியால் அடிவரை நன்றாகக் கலக்குங்கள். கலக்காமல் குடித்தால் முதல் வாய் கசக்கும், கடைசி வாய் திகட்டும்.

3. முட்டை

சில கடைகளில் உடைத்தே தருவார்கள். சில இடங்களில் முழு முட்டையாக வரும், சில சமயம் மூடி போட்ட வெந்நீர்ப் பாத்திரத்தோடேயே. அப்படி வந்தால் எத்தனை நிமிடம் கழித்து எடுப்பது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கரண்டி ஓரத்தால் முட்டையின் நடுவில் ஒரே தட்டு. விரிசலில் இரண்டு கட்டைவிரலையும் வைத்துச் சாஸருக்கு மேலேயே பிளந்தால் மஞ்சள் கரு உடையாமல் வழுக்கிக்கொண்டு இறங்கும். ஓட்டின் உட்புறம் ஒட்டியிருக்கும் வெள்ளையைக் கரண்டியால் சுரண்டிச் சேர்த்துக்கொள்ளுங்கள், அதுதான் கொஞ்சம் வெந்த பகுதி. மேசையில் இருக்கும் கறுப்பு சோயா சாஸ் நாலைந்து சொட்டு, வெள்ளை மிளகுத்தூள் இரண்டு உதறு. உப்பு தேவைப்படாது. லேசாகக் கலக்கி, சாஸரை வாயருகே தூக்கி உறிஞ்சலாம். யாரும் ஒரு மாதிரியாகப் பார்க்க மாட்டார்கள்.

கொழகொழப்பைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் முதலில் மஞ்சள் கருவில் மட்டும் டோஸ்டைத் தொட்டுப் பார்க்கட்டும். கர்ப்பிணிகளும் சின்னக் குழந்தைகளும் இந்த முட்டையைத் தவிர்ப்பது நல்லது.

4. டோஸ்ட்

வந்தவுடன் சாப்பிட்டுவிட வேண்டும். படம் எடுப்பதென்றால் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மெல்லிய மொறுமொறு ரொட்டிக்கு நடுவே காயாவும், குளிர்ந்த வெண்ணெய் தடிமனான வில்லையாகவும் இருக்கும். சூட்டில் வெண்ணெயின் ஓரம் உருக ஆரம்பித்து, நடுப்பகுதி இன்னும் கட்டியாக இருக்கும் அந்த இரண்டு மூன்று நிமிடம்தான் சரியான பதம். முதல் துண்டை அப்படியே கடியுங்கள், இனிப்பும் உப்பும் தனித்தனியாகத் தெரியும். அடுத்த துண்டை முட்டையில் முக்குங்கள். சோயா சாஸோடு காயாவா என்று தயங்க வேண்டாம், அந்த உப்புதான் காயாவின் தித்திப்பைத் தாங்கிப் பிடிக்கிறது.

5. எழுந்திருக்கும் முன்

தட்டு, கோப்பை, முட்டை ஓடு எல்லாவற்றையும் தட்டு வைக்கும் இடத்தில் நீங்களே கொண்டுபோய் வைக்க வேண்டும். காப்பிக்கடைகளில் 2022 ஜனவரியிலிருந்து இது கட்டாயம். அப்படியே விட்டுப் போனால் முதலில் எச்சரிக்கை, மறுபடியும் செய்தால் அபராதம்.

காயா பிடித்துப்போய் பாட்டில் வாங்கினால் அதைச் செக்-இன் பெட்டியில் வையுங்கள். அது ஜாம் வகை என்பதால் 100 மில்லிக்கு மேற்பட்ட பாட்டிலைக் கைப்பையில் வைத்திருந்தால் விமான நிலையப் பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிடுவார்கள்.