தற்கொலை நடந்த வீட்டில் கேட்கக் கூடாத கேள்விகள்

"காலையிலகூட நல்லாத்தானே இருந்தான், வீட்டுல ஏதாச்சும் சண்டையா?" துக்கம் கேட்க வருபவர்கள் பந்தலில் உட்கார்ந்ததும் கேட்பது பெரும்பாலும் இதைத்தான். அடுத்தது, "லெட்டர் ஏதும் எழுதி வச்சானா?" கேட்பவருக்கு அது அக்கறை. பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் காதில் விழுவதோ, "நீ ஏன் கவனிக்கவில்லை?" என்பதுதான். அதே கேள்வியை அவர் தனக்குள் ஏற்கெனவே ஓயாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

காரணம் தேடுவதுதான் நாம் செய்யும் பெரிய தவறு. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-ல் தமிழ்நாட்டில் தற்கொலையால் இறந்தவர்கள் 19,834 பேர். குடும்பப் பிரச்சினை, நோய், கடன் என்று காரணவாரியாகவும் அதில் அட்டவணை உண்டு. ஆனால் ஒரே காரணத்தால் ஒருவர் சாவது அரிது. மனச்சோர்வு, குடி, கடன், அவமானம் எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாகச் சேர்ந்து, வேறு வழியே இல்லை என்று மனம் நம்பிவிடும் நேரத்தில் நடப்பது அது. "மார்க் குறைஞ்சதால", "பொண்டாட்டி சண்டை போட்டதால" என்று முடித்துவிட்டால், உயிரோடு இருக்கும் யாரோ ஒருவர் ஆயுள் முழுக்க அந்தப் பழியைச் சுமக்க வேண்டியதுதான்.

போலீஸ் வருவதையும் பிரேதப் பரிசோதனை நடப்பதையும் பார்த்து வீட்டாரைச் சந்தேகிப்பதும் தவறு. விபத்தில் இறந்தாலும் அந்த விசாரணை உண்டு, அது சட்டம். "துர்மரணம்", "ஆவி அலையும்", "கோழை" போன்ற பேச்சை வாசலிலேயே விட்டுவிடுங்கள்.

வெளியே வயிற்று வலி என்றோ மாரடைப்பு என்றோ சொல்வது அந்தக் குடும்பத்தின் விருப்பம், துருவ வேண்டாம். குழந்தைகளிடம் மட்டும் பொய் வேண்டாம். "அப்பா ஊருக்குப் போயிருக்கார்" என்றால் பிள்ளை காத்திருக்கும். அப்புறம் பள்ளிக்கூடத்தில் யாரோ போட்டு உடைப்பார்கள். "அப்பாவுக்கு மனசுல பெரிய நோய் இருந்துச்சு, அதனால தன் உயிரைத் தானே போக்கிக்கிட்டார். நீ அடம் பிடிச்சதால இல்லை" என்று சொன்னால் ஆறு வயதுப் பிள்ளைக்கும் புரியும். எப்படி இறந்தார் என்று விவரிக்கத் தேவையில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் எல்லோரும் கலைந்துவிடுகிறார்கள். உண்மையில் ஆள் தேவைப்படுவது அதற்குப் பிறகுதான். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் என்று இ-சேவை மையத்துக்கும் தாலுகா ஆபீசுக்கும் அலைய வேண்டியிருக்கும், கூடப் போங்கள். இறந்தவரின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள், அவர் சிரிக்கச் சிரிக்கப் பேசியதையும் சேர்த்து. "சரி, மறந்துடு" என்று மட்டும் சொல்லாதீர்கள்.

"நானும் அவன்கூடவே போயிடுறேன்" என்று அழுதால், "அப்படியெல்லாம் பேசாதே" என்று வாயை அடைத்துவிடாதீர்கள். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் தனியே விடாமல், உடனே மருத்துவ உதவி தேடுங்கள். அரசின் இலவச மனநல உதவி சேவையான டெலி மானஸ் எண் 14416, இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். சென்னையில் 1986 முதல் இயங்கும் சினேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பின் எண் 044-24640050. துக்கத்தில் இருப்பவருக்கு எண்ணை அழுத்தக்கூடக் கை வராது. நீங்களே போட்டு அவர் கையில் போனைக் கொடுங்கள்.