என்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்சர்: நம் ஊர் நிறுவனங்கள் சறுக்கும் இடங்கள்

அம்பத்தூர் எஸ்டேட்டில் கார் உதிரிபாகம் செய்யும் நடுத்தர நிறுவனம் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரகடத்தில் இரண்டாவது ஆலை. கணக்கு டேலியில் ஓடுகிறது, உற்பத்திக்கு ஒரு இஆர்பி (கொள்முதல், இருப்பு, உற்பத்தி எல்லாவற்றையும் ஒன்றாக நடத்தும் மென்பொருள்) இருக்கிறது. சம்பளத்துக்குத் தனி மென்பொருள், வாசலில் பயோமெட்ரிக். தரப் பரிசோதனை முழுக்க எக்செல். எந்தப் பாகம் எத்தனை, எப்போது வேண்டும் என்ற கார் கம்பெனியின் ஷெட்யூல் அவர்களுடைய போர்ட்டலில் வரும். அதைப் பார்த்து டெஸ்பேட்ச் பிரிவில் ஒருவர் வாட்ஸ்அப் குழுவில் போடுவார். இவை ஒவ்வொன்றும் தனித்தனியாக ஒழுங்காக வேலை செய்கின்றன. ஆனால் எந்தப் பாகத்தில் நமக்கு லாபம் நிற்கிறது என்று முதலாளி கேட்டால், நான்கு பிரிவு ஆட்கள் சேர்ந்து உட்கார்ந்து எக்செல்லில் ஒட்டவைத்தால்தான் பதில் வரும்.

இந்த நிலையைச் சரிசெய்யும் துறைக்குத்தான் என்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்சர் என்று பெயர். நிறுவனத்தில் நடக்கும் வேலைகள், அவற்றுக்கு வேண்டிய தரவு, அந்தத் தரவைக் கையாளும் மென்பொருள், மென்பொருள் ஓடும் சர்வரும் நெட்வொர்க்கும் ஆகிய நான்கும் இன்று எப்படிப் பொருந்தியிருக்கின்றன, இனி எப்படிப் பொருந்த வேண்டும் என்று தீர்மானித்து எழுதி வைப்பது. வங்கிகளுக்கும் ஓ.எம்.ஆரில் இருக்கும் பெரிய ஐடி கம்பெனிகளுக்கும் மட்டும் உரியது என்று பலர் இதை ஒதுக்கிவிடுகிறார்கள். இருநூறு பேர் வேலை செய்யும் இடத்துக்கும் ஓர் ஆர்க்கிடெக்சர் உண்டு. யாரும் திட்டமிடாமல், அவ்வப்போது வாங்கிப் போட்டதில் வளர்ந்ததாக அது இருக்கும். அதைக் கையில் எடுத்துச் சீராக்கும்போது எங்கெல்லாம் தவறு நடக்கிறது என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

ஃபிரேம்வொர்க்கில் தொடங்குவது

முதல் கூட்டத்திலேயே "டோகாஃப் போடலாமா, ஸாக்மன் போடலாமா" என்று, இந்த வேலைக்கென்று இருக்கும் ஆயத்த வழிமுறைகளான ஃபிரேம்வொர்க்குகளைப் பற்றிப் பேச்சு ஆரம்பித்தால், அந்தத் திட்டம் பெரும்பாலும் ஆறு மாதத்தில் நின்றுவிடும். ஃபிரேம்வொர்க்குகள் எதற்காக வந்தன என்று தெரிந்தால் இந்த அவசரம் குறையும்.

ஐபிஎம்மில் இருந்த ஜான் ஸாக்மன் 1987-ல் அந்த நிறுவனத்தின் ஆய்விதழில் ஒரு கட்டுரை எழுதினார். கட்டடத்துக்கும் விமானத்துக்கும் உரிமையாளர், வடிவமைப்பாளர், கட்டுபவர் என ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு வரைபடம் இருக்கிறதே, தகவல் அமைப்புகளுக்கு ஏன் இல்லை என்பதுதான் அவர் எழுப்பிய கேள்வி. அதில் பிறந்த கட்டம் இன்று ஆறு கேள்விகளை வைத்து நிற்கிறது: என்ன, எப்படி, எங்கே, யார், எப்போது, ஏன். மேலிருந்து கீழாக ஆறு பார்வைகள். மொத்தம் 36 கட்டங்கள். எந்த வரிசையில் வேலை செய்ய வேண்டும் என்று ஸாக்மன் கட்டம் சொல்லாது. எதையாவது விட்டுவிட்டோமா என்று பார்க்கத்தான் அது உதவும்.

வேலை செய்யும் வரிசையைத் தருவது டோகாஃப். அமெரிக்கப் பாதுகாப்புத் துறை உருவாக்கியிருந்த ஒரு வழிமுறையை அடிப்படையாக வைத்து, தி ஓப்பன் குரூப் என்ற அமைப்பு 1995-ல் முதல் பதிப்பைக் கொண்டுவந்தது. பத்தாம் பதிப்பு 2022-ல் வந்தது. அதன் நடுநாயகம் ஏடிஎம் (ADM, ஆர்க்கிடெக்சரை உருவாக்கும் முறை) எனப்படும் சுழற்சி: நோக்கம், வணிகம், தரவும் மென்பொருளும், தொழில்நுட்பம், தீர்வுகள், மாற்றத் திட்டம், செயலாக்க மேற்பார்வை, மாற்ற நிர்வாகம். இவை போக அமெரிக்க மத்திய அரசு 1996-ல் ஒரு சட்டம் போட்டு, அதன் தொடர்ச்சியாக 1999-ல் எஃப்இஏஎஃப் என்ற ஃபிரேம்வொர்க்கைத் தன் துறைகளுக்காக உருவாக்கிக்கொண்டது. நம் மத்திய மின்னணுவியல், தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் அரசுத் துறைகளுக்காக 2018-ல் இண்டீஏ (IndEA) என்ற ஃபிரேம்வொர்க்கை வெளியிட்டது. அரசுக்கு மென்பொருள் செய்து கொடுக்கும் நிறுவனம் என்றால் இண்டீஏ-வைப் படித்துவிடுங்கள். மற்றவர்களுக்கு இப்போதைக்கு அவசியமில்லை.

நடுத்தர நிறுவனம் செய்யக்கூடாதது, 36 கட்டங்களையும் நிரப்ப உட்காருவது. டோகாஃப் சொல்லும் ஒவ்வொரு ஆவணத்தையும் தயாரிக்க முயல்வதும் அதே தவறுதான். உங்கள் தேவைக்கு ஏற்பக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று டோகாஃபே தெளிவாகச் சொல்கிறது. என் பரிந்துரை இதுதான்: ஸாக்மனின் ஆறு கேள்விகளைச் சரிபார்ப்புப் பட்டியலாக வைத்துக்கொள்ளுங்கள். டோகாஃபிலிருந்து மூன்றே மூன்றை எடுங்கள். இன்றைய நிலை, வேண்டிய நிலை, இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி. அதற்கும் முன்னால், இந்த வேலை எந்த முடிவை எடுக்க உதவ வேண்டும் என்று ஒரு வரி எழுதுங்கள். "ஒரகடம் ஆலையை அதே இஆர்பியில் சேர்ப்பதா, தனியாக விடுவதா?" என்பது நல்ல வரி. "டிஜிட்டல் மாற்றம்" என்று எழுதினால் அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

எல்லாவற்றையும் ஒன்றாக்க நினைப்பது

தி.நகரில் ஜவுளிக்கடை, பக்கத்தில் நகைக்கடை, புறநகரில் கல்யாண மண்டபம், ஒரு பொறியியல் கல்லூரி என்று ஒரே குடும்பம் நடத்தும் குழுமங்கள் இங்கே உண்டு. மகனோ மகளோ பொறுப்புக்கு வந்ததும் எல்லாவற்றுக்கும் ஒரே மென்பொருள் வேண்டும் என்று தோன்றும். ஆசை நியாயமானதுதான். ஆனால் ஜவுளியில் ஒரு புடவைக்குப் பார்கோடு போதும். நகையில் எடை, சேதாரம், அன்றைய தங்க விலை எல்லாம் வேண்டும். கல்லூரியில் மாணவர், பருவம், கட்டணம். இவற்றை ஒரே அச்சில் வார்த்தால் எந்தத் தொழிலுக்கும் அது சரியாகப் பொருந்தாது.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த ஜீன் ராஸ் இதற்கு நல்ல வழி சொன்னார். இரண்டு கேள்விகள்: உங்கள் பிரிவுகள் ஒரே தரவைப் பகிர வேண்டுமா? ஒரே மாதிரி வேலை செய்ய வேண்டுமா? இரண்டுக்கும் ஆம், இல்லை என்று பதில் சொல்லும்போது நான்கு வகை கிடைக்கும். மேலே சொன்ன குடும்பக் குழுமத்துக்குப் பெரும்பாலும் இரண்டுக்குமே இல்லை. நிதி அறிக்கை மட்டும் மேலே ஓரிடத்தில் சேர்ந்தால் போதும். ஜவுளிக்கும் நகைக்கும் ஒரே வாடிக்கையாளர்கள் என்றால் வாடிக்கையாளர் தரவை மட்டும் பகிரலாம். வேளச்சேரியிலும் அண்ணா நகரிலும் தாம்பரத்திலும் ஒரே மாதிரி ஓடும் உணவகச் சங்கிலிக்கோ வேலை முறை ஒன்றாக இருக்க வேண்டும், தரவைப் பகிரும் தேவை குறைவு. இந்த முடிவை எடுக்காமல் இஆர்பி டெமோ பார்க்கப் போகிறவர்களிடம் விற்பனையாளர் தன் மென்பொருளின் விடையைத் திணித்துவிடுவார்.

அதிகாரபூர்வமானதை மட்டும் வரைவது

என்னைக் கேட்டால் இதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. இன்றைய நிலையை வரையச் சொன்னால் ஐடி பிரிவு லைசென்ஸ் வாங்கிய மென்பொருள்களை வரையும். படத்தில் ஆறு பெட்டிகள், நடுவில் அழகான அம்புகள். அந்த அம்பு ஒவ்வொன்றும் நடைமுறையில் ஒரு மனிதர். ஒரு திரையில் பார்த்து இன்னொரு திரையில் அடிக்கிறவர்.

நிறுவனம் உண்மையில் ஓடுவது அந்த இடைவெளிகளில்தான். ஆகவே பெட்டிகளிலிருந்து தொடங்காமல் ஒரு ஆர்டரைப் பிடித்துக்கொண்டு நடந்து பாருங்கள். ஷெட்யூல் வந்தது முதல் லாரி வாசலைத் தாண்டி, பணம் வங்கியில் விழும்வரை. ஸ்டோர்ஸில், லைனில், டெஸ்பேட்சில், கணக்கில் உட்கார்ந்திருப்பவரிடம், "இது உங்களுக்கு எதில் வருகிறது, நீங்கள் எதில் போடுகிறீர்கள்?" என்று மட்டும் கேளுங்கள். எக்செல், வாட்ஸ்அப், நோட்டுப் புத்தகம், மூத்த ஸ்டோர்கீப்பரின் ஞாபகம் என்று எல்லாம் வெளியே வரும். எல்லாவற்றையும் படத்தில் போடுங்கள். யாரையும் குற்றம் சொல்லாதீர்கள். மென்பொருள் கொடுக்காத வசதியை அவர்களாகவே செய்துகொண்டார்கள். குற்றம் சொன்னால் அடுத்த முறை அந்த எக்செல்லை மறைத்து வைப்பார்கள், உங்களுக்குத்தான் நஷ்டம்.

இப்படி நடக்கும்போது ஒரே பொருளுக்குப் பல பெயர் இருப்பது தெரியவரும். உதிரிபாகத் தொழிலில் ஒரு பாகத்துக்கு வாடிக்கையாளர் கொடுத்த எண் ஒன்று, நம் டிராயிங் எண் ஒன்று, ஸ்டோர்ஸ் கோடு ஒன்று, டேலியில் யாரோ அடித்த பெயர் ஒன்று. நான்கும் ஒரே பாகம் என்று சொல்லும் அட்டவணை எங்கேயும் இருக்காது. முதலாளியின் லாபக் கேள்விக்கு உடனே பதில் வராததற்கு முக்கியக் காரணம் இதுதான். புதிய இஆர்பி வாங்கினாலும் இது தீராது, குழப்பம் புதிய திரைக்கு மாறும், அவ்வளவுதான். பாகங்களின் பட்டியலுக்கு ஒரு பொறுப்பாளரை நியமியுங்கள். புது எண் அவர் கையைத் தாண்டித்தான் வர வேண்டும். வாடிக்கையாளர், சப்ளையர் பட்டியல்களுக்கும் அப்படியே.

சட்டமும் இந்தப் பக்கம் திரும்பிவிட்டது. 2023 ஏப்ரல் 1 முதல், கம்பெனியாகப் பதிவு செய்தவர்கள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருள் ஒவ்வொரு திருத்தத்தையும் தேதியோடு பதிந்து வைக்க வேண்டும். கணக்கின் ஒரு பாதி எக்செல்லில் இருந்தால் அதற்கு என்ன செய்வீர்கள்? 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பாதுகாப்பு ஏற்பாட்டில் கோட்டை விட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது. பில் போடும்போது வாங்கிய கைபேசி எண் எந்தெந்தக் கோப்பில் கிடக்கிறது என்று தெரியாத கடை, அதை நீக்கச் சொல்லும் வாடிக்கையாளருக்கு என்ன பதில் தரும்?

"எங்கே" என்ற கேள்வியை விடுவது

ஸாக்மனின் ஆறில் அதிகம் புறக்கணிக்கப்படுவது இது. க்ளவுட் வந்த பிறகு இடம் முக்கியமில்லை என்று நினைக்கிறார்கள். சென்னையில் அப்படி நினைக்க முடியாது. 2015 டிசம்பரில் அடையாறு பொங்கியபோது ஈக்காட்டுத்தாங்கலும் கிண்டியும் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர் எஸ்டேட்டுக்குள் வெள்ளம் வந்தது. சர்வர் தரைத்தளத்தில், பேக்கப் டிஸ்க் அதே அறையின் அலமாரியில் என்றால் இரண்டும் ஒன்றாகத்தான் நனையும். ஆர்க்கிடெக்சர் படத்தில் ஒவ்வொரு பெட்டிக்கும் பக்கத்தில் எந்தக் கட்டடம், எந்தத் தளம், பேக்கப் எங்கே, கடைசியாக அதிலிருந்து மீட்டுப் பார்த்த தேதி என்ன என்று எழுதுங்கள். க்ளவுடில் இருக்கும் மென்பொருளுக்கும், இணையம் ஒரு நாள் முழுக்க இல்லையென்றால் லாரியை எப்படி அனுப்புவோம் என்று எழுதி வையுங்கள்.

ஐடி மேனேஜர் தலையில் கட்டுவது

மென்பொருள் சம்பந்தப்பட்டது என்பதால் முதலாளி விலகிக்கொள்வார். ஆனால் மேலே பார்த்த எந்த முடிவையும் ஐடி மேனேஜரால் எடுக்க முடியாது. ஸ்டோர்ஸும் கணக்கும் ஒரே பாக எண்ணைப் பயன்படுத்த வேண்டும் என்று அவர் உத்தரவு போட்டால் இரண்டு பிரிவுத் தலைவர்களும் கேட்க மாட்டார்கள். கணினி அறிஞர் மெல்வின் கான்வே 1968-லேயே சொன்னார்: ஒரு நிறுவனம் உருவாக்கும் அமைப்பு, அதன் பிரிவுகள் பேசிக்கொள்ளும் விதத்தையே ஒத்திருக்கும். பேசாத இரண்டு பிரிவுகளுக்கு நடுவில் எந்த மென்பொருள் இணைப்பும் நிலைக்காது.

மேலிடம் கூட இருந்தால் என்ன பலன் என்பதற்கு இ-இன்வாய்ஸ் (ஜிஎஸ்டிக்காக இன்வாய்ஸை அரசின் போர்ட்டலில் பதிவது) நல்ல உதாரணம். 2020 அக்டோபரில் 500 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்குக் கட்டாயமானது, படிப்படியாக இறங்கி 2023 ஆகஸ்டில் 5 கோடிக்கு மேல் உள்ளவர்கள் வரை வந்தது. இன்வாய்ஸ் எங்கே பிறக்கிறது, எந்தத் தரவை எடுக்கிறது என்று எழுதி வைத்திருந்தால் மாற்ற வேண்டிய இடம் எது என்று உடனே தெரியும். டெஸ்பேட்ச் ஒன்றிலும் கணக்கு ஒன்றிலும் இன்வாய்ஸ் அடிக்கும் இடத்தில், எதிலிருந்து அனுப்புவது என்று மேலிடம் முடிவு செய்யாவிட்டால் சண்டையிலேயே நாட்கள் போகும், லாரி வாசலில் நிற்கும்.

ஒரே நாளில் மாற்றுவது

ஏப்ரல் 1 அன்று புதிய அமைப்புக்கு மாறிவிடலாம் என்ற ஆசை கணக்குக்கு வசதி. ஆனால் அதற்கு முந்தைய மார்ச்சில்தான் கணக்குப் பிரிவு ஆண்டு முடிவில் மூழ்கியிருக்கும், விற்பனை இலக்கைத் துரத்தும். பரிசோதிக்க யாருக்கும் நேரம் இருக்காது. ஒரு ஆலை, ஒரு பொருள் வரிசை என்று சிறிதாக மாற்றுங்கள். பழையதும் புதியதும் கொஞ்ச நாள் சேர்ந்து ஓடட்டும். அப்புறம், இணைப்புகளைக் கணக்குப் பாருங்கள். பத்து மென்பொருளை ஒவ்வொன்றோடும் நேரடியாக இணைத்தால் 45 இணைப்பு. ஒன்று மாறினால் ஒன்பதைத் தொட வேண்டும். எல்லாம் ஒன்றின் வழியாகப் பேசிக்கொள்ளும்படி எதை நடுவில் வைப்பது என்று முதலிலேயே முடிவு செய்வது நல்லது.

சரி, படம் வரைந்தாயிற்று. அதை யார் புதுப்பிப்பது? ஆலோசகர் கொடுத்துவிட்டுப் போன நூறு பக்க பிடிஎஃப் அடுத்த மென்பொருள் வாங்கும் நாளிலேயே பழசாகிவிடும். ஒரே பக்கப் படமும், மென்பொருள் பட்டியல் ஒன்றும் போதும்: பெயர், எதற்கு, பொறுப்பாளர், எந்தத் தரவு, எங்கே, ஒப்பந்தம் முடியும் தேதி. புதிதாக எதை வாங்குவதானாலும், அந்தப் பட்டியலில் வரி சேராமல் கணக்குப் பிரிவு பணம் விடுவிக்கக் கூடாது என்று விதி வையுங்கள். வாங்கும் ஒப்பந்தத்திலும் ஒரு விதியைச் சேர்க்கச் சொல்லுங்கள்: நாங்கள் விலகும்போது எங்கள் தரவு முழுவதையும், பழைய ஆண்டுகளோடு, வேறு மென்பொருள் படிக்கக்கூடிய வடிவில், தனிக் கட்டணம் இல்லாமல், இத்தனை நாளுக்குள் தர வேண்டும். கையெழுத்துக்கு முன்னால் கேட்டால் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள்.