அயர்லாந்தில் படிக்கப் போகிறீர்களா? சாப்பாட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டப்ளினுக்கோ கார்க்குக்கோ படிக்கப் போகிறவர்களில் பலர் முதல் மாதமே ‘ஐரிஷ் சாப்பாடு சப்பென்று இருக்கிறது’ என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் கோளாறு வாங்கிய மாவிலும் கிழங்கிலும்தான் இருக்கும்.

சமையல் சோடாவால் எழும்பும் ஐரிஷ் ரொட்டியான சோடா பிரெட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஈஸ்ட் வேண்டாம், மாவு புளிக்கக் காத்திருக்க வேண்டாம். ஆனாலும் அதிகம் பேர் சொதப்புவது இதில்தான். மைதா 450 கிராம், உப்பு ஒரு டீஸ்பூன், சமையல் சோடா தலைதட்டி ஒரு டீஸ்பூன், பட்டர்மில்க் (மோர் போலப் புளிப்பான பால்) 350 முதல் 400 மில்லி. மைதாவுக்கு ‘கிரீம் ஃப்ளவர்’ அல்லது ‘பிளெய்ன் ஃப்ளவர்’ என்று போட்ட பாக்கெட்டை எடுங்கள். ‘செல்ஃப் ரெய்சிங்’ மாவில் பேக்கிங் பவுடர் ஏற்கெனவே கலந்திருக்கும். ‘ஸ்ட்ராங்’ மாவு ஈஸ்ட் ரொட்டிக்கானது. இதில் போட்டால் ரப்பர் மாதிரி இழுக்கும். சமையல் சோடா அங்கே ‘பிரெட் சோடா’ என்ற பெயரில் கிடைக்கும். பக்கத்திலேயே இருக்கும் பேக்கிங் பவுடரை அதே அளவு போட்டால் ரொட்டி சரியாக எழும்பாது. சோடா கூடினாலோ, கட்டி உடையாமல் கிடந்தாலோ மஞ்சள் திட்டுகள் விழும், சோப்பு வாடை அடிக்கும். அதனால் மாவோடு சேர்த்துச் சலித்துவிடுங்கள்.

பட்டர்மில்க் பட்ட நொடியே சோடா பொங்க ஆரம்பித்துவிடும். எனவே ஓவனை முதலில் 230 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கிவிட்டுப் பிறகு பிசையுங்கள். பிசைவது என்றுகூடச் சொல்லக் கூடாது. சப்பாத்தி மாவு மாதிரி அழுத்தினால் ரொட்டி கல்லாகிவிடும். விரல்களை விரித்துச் சுழற்றி, ஒன்று சேர்ந்ததும் நிறுத்திவிடுங்கள். 4 செ.மீ. உயரத்துக்கு வட்டமாகத் தட்டி, சிலுவை போல ஆழமாகக் கீறுங்கள். தேவதைகள் வெளியேற என்று பாட்டிமார் கதை சொல்வார்கள். நடுப்பகுதி வேக என்பதுதான் நடைமுறைக் காரணம். 15 நிமிடம் கழித்து 200 டிகிரிக்குக் குறைத்து, இன்னும் 25 முதல் 30 நிமிடம் விடுங்கள். உள்ளே விசிறி சுழலும் ஃபேன் ஓவனாக இருந்தால் இரண்டிலும் 20 டிகிரி குறையுங்கள். அடியில் தட்டினால் வெற்றோசை வர வேண்டும். பட்டர்மில்க் கிடைக்காவிட்டால் 350 மில்லி பாலில் ஒன்றரை டேபிள்ஸ்பூன் எலுமிச்சைச் சாறு விட்டுப் பத்து நிமிடம் வைத்தால் போதும். புளிப்பில்லாத வெறும் பால் உதவாது.

அடுத்தது உருளைக்கிழங்கு. சிவப்புத் தோல் ‘ரூஸ்டர்’ மாவுக்கிழங்கு வகை. குருமாவில் போட்டுக் கொதிக்கவிட்டால் கரைந்து குழம்போடு குழம்பாகிவிடும். அதற்கு ‘சார்லட்’ போன்ற கெட்டிக் கிழங்கை வாங்குங்கள். ரூஸ்டரின் அருமை கால்கேனன் என்ற ஐரிஷ் கிழங்கு மசியலில் தெரியும். ஒரு கிலோ கிழங்கைத் தோலோடு வேகவைத்து, உரித்து, சூடு ஆறுமுன் கையால் மசித்து, வெந்த கேல் கீரையோடு சூடான பாலும் வெண்ணெயும் சேர்க்க வேண்டும். பிளெண்டரில் அடித்தால் ஸ்டார்ச் வெளியேறிப் பசையாகிவிடும். கடையில் பெரும்பாலும் உப்பு வெண்ணெய்தான் இருக்கும், ருசி பார்த்த பிறகே உப்புப் போடுங்கள்.

சைவர்களும் ஹலால் பார்ப்பவர்களும் கொஞ்சம் கூடுதலாக உஷாராக இருக்க வேண்டும். பிளாக் புட்டிங் இனிப்பு அல்ல. பன்றி இரத்தமும் தானியமும் சேர்த்துச் செய்வது. ஒயிட் புட்டிங்கில் இரத்தம் இல்லை, பன்றி இறைச்சி உண்டு. பேக்கன் (உப்பிட்ட பன்றி இறைச்சி) அண்ட் கேபேஜ் தட்டிலிருந்து முட்டைக்கோஸை மட்டும் எடுத்துச் சாப்பிட்டாலும் அது சைவமாகாது, பல வீடுகளில் பேக்கன் வெந்த தண்ணீரிலேயே அதையும் வேகவைப்பார்கள். கொத்துக்கறிமேல் கிழங்கு மசியல் பரப்பிய ஷெப்பர்ட்ஸ் பையை ஆட்டுக்கறி என்று நம்பி மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் ஏமாறுவதுண்டு. அந்தப் பெயரில் மாட்டுக்கறியும் பரிமாறுகிறார்கள். கேட்டுவிட்டு வாங்குங்கள்.

மாணவர்களின் மதியச் சாப்பாடான சிக்கன் ஃபில்லெட் ரோலில் (நீள ரொட்டிக்குள் பொரித்த கோழித் துண்டு), வெண்ணெயா மயோனைஸா என்று முதலிலேயே கேட்பார்கள். சீஸ் போன்றவற்றுக்குத் தனி விலை இருக்கலாம். பன்றி சாசேஜ் வெட்டிய அதே கத்தியும் பலகையும் உங்கள் ரோலுக்கும் வரலாம். வேண்டாமென்றால் கழுவிய கத்தியில் வெட்டித் தரும்படி ஆர்டர் சொல்லும்போதே கேளுங்கள், ரோல் பாதி தயாரான பிறகு அல்ல.