எப்டாயின் சாப்பிடுகிறவர்கள் ஈறைப் பார்த்துக்கொள்வது எப்படி?

வலிப்புக்கு எப்டாயின் ஆரம்பித்து மூன்று நான்கு மாதம் ஆகியிருக்கும். பல் துலக்கினால் ரத்தம் வருகிறது, முன்பல் பக்கம் ஈறு தடித்துக்கொண்டே போகிறது. இதைப் பார்த்துப் பயந்து மாத்திரையையே நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு விடாமல் அடுத்தடுத்து வந்து உயிருக்கே ஆபத்தாகிவிடும். ஈறைச் சரிசெய்ய வழி இருக்கிறது.

படி 1: மாத்திரை அட்டையைப் பாருங்கள்

எப்டாயின், டைலான்டின் என்று எந்தப் பெயரில் வாங்கினாலும் உள்ளே இருப்பது ஃபெனிடாயின்தான். வலிப்புக்கு இது 1938இல் வந்தது. ஈறு வளர்கிறது என்று 1939லேயே மருத்துவர்கள் எழுதிவிட்டார்கள். சாப்பிடுகிறவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஓரளவாவது இது வரும். சின்ன வயதினருக்கு அதிகம். வால்ப்ரோயேட், கார்பமசிபின், லெவெடிராசிடம் போன்ற மற்ற வலிப்பு மாத்திரைகளில் ஈறு வளர்வது அபூர்வம். வீட்டில் பெரியவர் யாராவது ஃபெனிடாயினோடு பிரஷருக்கு அம்லோடிபினும் சாப்பிட்டால் கூடுதல் கவனம் வேண்டும். அந்த மாத்திரைக்கும் இதே குணம் உண்டு.

படி 2: மாதம் ஒருமுறை கண்ணாடி முன் நில்லுங்கள்

நல்ல வெளிச்சத்தில் உதட்டைத் தூக்கிப் பாருங்கள். இரண்டு பல்லுக்கு நடுவே முக்கோணமாக இருக்கிற ஈறுதான் முதலில் உப்பும். ஆரம்பத்தில் ஜவ்வரிசி மணி அளவு இருக்கும், வலிக்காது. அதனாலேயே பலர் கவனிப்பதில்லை. கவனிக்காமல் விட்டால் பக்கத்துப் பக்கத்து உப்பல்கள் சேர்ந்து பல்லை மூட ஆரம்பிக்கும். போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால் அடுத்த மாதம் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

ஏன் இப்படி ஆகிறது? ஈறில் பழைய நார் கரைந்து புதிய நார் உருவாவது எப்போதும் நடக்கிற வேலை. ஃபெனிடாயின் அந்தக் கரைதலைக் குறைத்துவிடுகிறது. பல்லில் அழுக்கு படிந்து ஈறு வீங்கியும் இருந்தால் வளர்ச்சி இன்னும் வேகமாகும். வளர்ந்த ஈறுக்கு அடியில் பிரஷ் போகாது; அங்கே மேலும் அழுக்கு சேரும். மருந்து நம் கையில் இல்லை, அழுக்கு நம் கையில்தான் இருக்கிறது. அடுத்த படி முழுக்க அதற்குத்தான்.

படி 3: ரத்தம் வந்தாலும் துலக்குங்கள்

ரத்தம் வருகிறது என்று அந்த இடத்தை விட்டுவிட்டுத் துலக்குவதுதான் எல்லாரும் செய்வது. ஆனால் ரத்தம் வருகிற இடத்தில்தான் அழுக்கு இருக்கிறது. மென்மையான பிரஷை, பல்லும் ஈறும் சேருகிற கோட்டில் சாய்வாக வைத்து, அழுத்தாமல் சின்னச் சின்ன அசைவாகத் தேயுங்கள். காலை ஒரு முறை, இரவு படுக்கும் முன் ஒரு முறை. இரவு வேளையைத் தவற விடாதீர்கள். கரித்தூள், செங்கல் பொடி, சொரசொரப்பான பல்பொடி எதுவும் வேண்டாம். பல் இடுக்கில் விடுகிற குட்டி பிரஷ் மருந்துக் கடைகளில் கிடைக்கிறது, அதையும் தினம் ஒரு தடவை பயன்படுத்துங்கள்.

குழந்தை என்றால் ஏழெட்டு வயது வரை நீங்கள்தான் துலக்கிவிட வேண்டும். பல வலிப்பு சிரப்களில் சர்க்கரை இருக்கிறது. கொடுத்ததும் வாய் கொப்பளிக்க வையுங்கள், இல்லாவிட்டால் சொத்தையும் சேர்ந்து வரும்.

குளோர்ஹெக்சிடின் வாய் கொப்பளிப்பான் உதவும். ஆனால் பல் டாக்டர் சொன்ன நாட்களுக்கு மட்டும்தான், ஏனென்றால் நீண்ட நாள் பயன்படுத்தினால் பல்லில் பழுப்புக் கறை படியும். பேஸ்ட் போட்டுத் துலக்கிய கையோடு இதை வைத்துக் கொப்பளிக்காதீர்கள். அரை மணி நேரம் விடுங்கள்.

படி 4: ஃபோலிக் ஆசிட் பற்றிக் கேளுங்கள்

டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வு இது. ஃபெனிடாயின் ஆரம்பித்த 6 முதல் 15 வயதுக் குழந்தைகளில் ஒரு பகுதியினருக்குத் தினமும் 0.5 மி.கி. ஃபோலிக் ஆசிட் என்ற வைட்டமின் கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் அவர்களில் 21 சதவீதத்தினருக்கு ஈறு வளர்ந்தது; வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களிலோ 88 சதவீதம். இவ்வளவு மலிவான மாத்திரை இவ்வளவு வித்தியாசம் செய்கிறது என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. ஆனாலும் நீங்களே வாங்கிப் போடாதீர்கள். அளவு கூடினால் ரத்தத்தில் ஃபெனிடாயின் குறைந்து வலிப்பு வரக்கூடும். நரம்பு டாக்டரிடம் கேட்டுத் தொடங்குங்கள்.

படி 5: இரண்டு டாக்டருக்கும் சொல்லுங்கள்

முடிந்தால் மாத்திரை ஆரம்பிக்கும்போதே பல் டாக்டரிடம் ஒரு முறை கிளீனிங் செய்துகொள்ளுங்கள். அப்புறம் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. காசு கஷ்டம் என்றால் அரசு பல் மருத்துவமனைக்குப் போகலாம். ஈறு மிகவும் வளர்ந்துவிட்டால் கத்தியாலோ லேசராலோ வெட்டி எடுப்பார்கள். மருந்து தொடர்ந்தால் திரும்ப வளரலாம், அதனால் வெட்டிய பிறகும் துலக்குவதில் தளர்ச்சி கூடாது. வேறு மாத்திரைக்கு மாற்ற முடியுமா என்பதை நரம்பு டாக்டர் மட்டுமே முடிவு செய்ய வேண்டும். மாற்றினால் சில மாதங்களில் ஈறு பெரும்பாலும் குறையும்.

பல் டாக்டர் மருந்து எழுதும் முன் உங்கள் மாத்திரைச் சீட்டைக் காட்டுங்கள். பல் தொற்றுக்கு வழக்கமாக எழுதுகிற மெட்ரோனிடசோல், ஃபெனிடாயின் அளவை ஏற்றிவிடக்கூடும். தள்ளாட்டமோ இரட்டைப் பார்வையோ வந்தால் உடனே சொல்லுங்கள். டிரமடால் வலி மாத்திரை வலிப்பைத் தூண்டலாம். வால்ப்ரோயேட் சாப்பிடுகிறவர்கள் பல் பிடுங்கும் முன் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ரத்தம் உறைய வைக்கும் தட்டணுக்கள் அதில் குறையலாம் என்பதால் முதலில் ரத்தப் பரிசோதனை செய்வார்கள்.

பல் டாக்டரிடம் போகிற நாளில் வழக்கமான வேளை மாத்திரையைச் சாப்பிட்டுவிட்டே போங்கள், இரவு நன்றாகத் தூங்கியிருங்கள், கூட ஒருவரை அழைத்துப் போங்கள். நாற்காலியிலேயே வலிப்பு வந்தால் வாயிலிருக்கும் கருவிகளை எடுத்துவிட்டு, நாற்காலியைத் தாழ்த்தி, ஆளை ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். பல்லுக்கு நடுவே கரண்டி, துணி எதையும் திணிக்கக் கூடாது, அப்படித்தான் பல் உடைகிறது. ஐந்து நிமிடம் தாண்டினால் 108ஐ அழையுங்கள்.