இணையக் குழுமத்துக்கு ஆள் சேர்ப்பது எப்படி? வெள்ளவத்தை மாடித்தோட்டம் ஒன்றின் அனுபவம்

நான் கொழும்பு வெள்ளவத்தையில் நாலாம் மாடியில் இருக்கிறேன். பல்கனியில் பதினேழு பூச்சாடிகள். 2022 இல் மரக்கறி விலை எட்டாத உயரத்துக்குப் போய், வீட்டுத்தோட்டம் செய்யவென்று அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறையே கொடுத்தார்கள், நினைவிருக்கும். அந்த நேரத்தில்தான் மாடி வீடுகளில் பயிர் வைப்பவர்களுக்கென்று தமிழில் ஒரு இணையத்தளம் தொடங்கினேன். கேள்வி கேட்கலாம், பதில் சொல்லலாம், கன்று மாற்றிக்கொள்ளலாம். இரண்டு மாதமாக அதில் நானும் தங்கையும் அவளுடைய மகனும்தான் இருந்தோம். இப்போது காலையில் எழுந்து பார்த்தால், நான் தூங்கின நேரத்தில் யாரோ கேட்டு வேறு யாரோ பதில் சொல்லியிருக்கிறார்கள். இப்படி ஒன்றை நடத்த நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன். உங்கள் விஷயம் சமையலாக இருக்கலாம், பழைய முத்திரைகளாக இருக்கலாம். செய்ய வேண்டியது பெரும்பாலும் இதுதான்.

தளம் தயாரானதும் கை துடிக்கும், தெரிந்த எல்லா வட்ஸ்அப் குழுக்களுக்கும் இணைப்பை அனுப்பச் சொல்லி. நானும் அனுப்பினேன். வந்தார்கள், பார்த்தார்கள், போய்விட்டார்கள். அடுப்பு மூட்டாத வீட்டுக்கு விருந்துக்கு அழைத்தால் யார்தான் இருப்பார்கள்? ஆகவே அழைப்பதற்கு முன்னால் முப்பது கேள்விகளுக்காவது நல்ல பதில் உள்ளே இருக்க வேண்டும். அந்தக் கேள்விகளை நீங்களே யோசித்து எழுதாதீர்கள். நான் சந்தையில் கன்று விற்கும் ஐயாவுக்குப் பக்கத்தில் இரண்டு சனிக்கிழமை நின்று, வாங்க வருபவர்கள் கேட்டதைக் குறித்துக்கொண்டேன். கறிவேப்பிலை ஏன் துளிர்க்கவில்லை, கடற்காற்றில் மிளகாய் இலை கருகுகிறது என்ன செய்ய, ரம்பை சாடிக்குள் வருமா, தும்புச்சோறு (தேங்காய் மட்டைத் தூள்) எவ்வளவு கலக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் என் சாடிகளையே படம் எடுத்துப் பதில் எழுதினேன்.

2005 இல் ரெடிட் என்ற கலந்துரையாடல் தளம் தொடங்கியபோது, ஆள் நிறைய இருப்பதாகத் தெரியட்டும் என்று அதை நிறுவியவர்களே பல பொய்ப் பெயர்களில் பதிவிட்டார்கள். பின்னாளில் அவர்களே அதைச் சொன்னார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. கொழும்புத் தமிழர் வட்டம் சின்னது, பொய் இரண்டு நாளில் தெரிந்துவிடும். "சந்தையில் ஒரு அம்மா கேட்டார்" என்று உள்ளதைப் போட்டு, என் பெயரிலேயே பதில் சொன்னேன்.

அடுத்தது சொல். இதில் கொஞ்சம் நேரம் செலவழியுங்கள், ஏனென்றால் முன்பின் தெரியாதவர்கள் வருவது கூகுள் தேடல் வழியாகத்தான். இங்கே நாங்கள் பசளை என்கிறோம், தமிழ்நாட்டில் உரம். எங்களுக்கு மரக்கறி, அவர்களுக்குக் காய்கறி. உங்கள் ஆட்கள் தேடுகிற சொல் தலைப்பில் இருக்க வேண்டும். தலைப்பையும் அவர்கள் கேட்கிற மாதிரியே வையுங்கள். "கறிவேப்பிலை பராமரிப்பு" என்பதைவிட "கறிவேப்பிலை இலை ஏன் மஞ்சளாகிறது?" என்பதற்கு எனக்கு அதிகம் பேர் வந்தார்கள். உறுப்பினர் எழுதும் கேள்வியில் பேச்சுச் சொல்லோ எழுத்துப்பிழையோ இருந்தால் திருத்த வேண்டாம். "கருவேப்பிலை" என்று அவர் எழுதினால், அப்படியே தேடுகிற இன்னும் பத்துப் பேர் வெளியே இருக்கிறார்கள். கூகுள் சேர்ச் கொன்சோல் என்ற கருவி இலவசம். எந்தச் சொல்லைத் தேடி வந்தார்கள் என்று அதில் காட்டும். வாரம் ஒருமுறை பாருங்கள், அடுத்து என்ன எழுதலாம் என்பது அங்கேயே தெரியும்.

இன்னொன்று, இலங்கையில் பலருடைய பழைய கோப்புகள் பாமினி எழுத்துருவில் இருக்கின்றன. எனக்கு ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தோட்டக் குறிப்புகள் நாற்பது பக்கம் தந்தார், எல்லாம் பாமினி. அதை அப்படியே ஏற்றினால் கணினிக்கு அது ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும்தான், எந்தத் தேடலிலும் தமிழாக அகப்படாது. கணினியும் கூகுளும் தமிழென்று அறிகிற யூனிகோடு முறைக்கு மாற்றித்தான் போட வேண்டும். மாற்றிய பிறகு ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.

வாசிப்பதற்குப் பதிவு கேட்காதீர்கள். எழுத வரும்போது கேட்டால் போதும், அதுவும் பெயரும் மின்னஞ்சலும் மட்டும். நான் முதலில் தொலைபேசி இலக்கமும் கேட்டேன். பெண்கள் அந்த இடத்திலேயே நின்றுவிட்டார்கள். அந்தக் கேள்வியை நீக்கிய பிறகுதான் சேர்ந்தார்கள். 2022 இன் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது, தேவையில்லாததை வாங்கி வைக்காமல் இருப்பது உங்களுக்கும் நல்லது.

சரி, ஒருவர் சேர்ந்து முதல் கேள்வியைப் போட்டுவிட்டார். எல்லாம் இந்த இடத்தில்தான் தீர்மானமாகிறது. இணையக் குழுமங்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் வாசிப்பவர்கள், ஒன்பது பேர் எப்போதாவது எழுதுவார்கள், ஒருவர்தான் தொடர்ந்து எழுதுவார் என்று இணையப் பயன்பாட்டை ஆராய்பவரான யாக்கோப் நீல்சன் 2006 இல் ஒரு பொதுக் கணக்குச் சொன்னார். என் தளத்திலும் ஏறக்குறைய அப்படித்தான். அந்த ஒருவர் யாராகவும் இருக்கலாம் என்பதால், முதல் கேள்வி எதுவும் ஒரு நாளைக்கு மேல் பதிலில்லாமல் கிடக்க விடுவதில்லை. எனக்குத் தெரியாததென்றால் தெரிந்தவருக்குப் போன் எடுப்பேன். "அண்ணே, தேசிக்காய் மரம் பற்றி ஒரு கேள்வி வந்திருக்கு, ஒருக்கால் பாருங்கோ." இப்படி ஐந்து பேரைத் தேடி வைத்துக்கொள்ளுங்கள். பெயர் சொல்லிப் பதில் எழுதச் சொல்லுங்கள்.

ஒருமுறை தெமட்டகொடையிலிருந்து ஒரு தங்கச்சி மாவுப்பூச்சி பற்றிக் கேட்டாள். பழைய உறுப்பினர் ஒருவர் "இது ஏற்கெனவே கேட்டாச்சு, தேடிப் பாருங்கோ" என்று எழுதிவிட்டார். நான் பார்ப்பதற்குள் ஒரு நாள் போய்விட்டது. மன்னிப்புக் கேட்டு எழுதினேன், அவள் திரும்பி வரவே இல்லை. இன்றைக்கும் அது எனக்குக் கவலைதான். அதன்பின் எங்கள் விதி: பழைய பதிலின் இணைப்பைக் கொடு, கூடவே இரண்டு வரி அன்பாக எழுது.

வட்ஸ்அப்பைக் கைவிடவும் வேண்டாம். ஒரு குழுவில் 1024 பேர் வரை சேரலாம், ஆனால் நேற்றுச் சொன்ன நல்ல பதில் இன்றைக்கு அடியில் போய்விடும். வாரத்தின் சிறந்த கேள்வி ஒன்றை மட்டும் சனிக்கிழமை மாலையில் அனுப்புகிறேன். அனுப்பும்போது இணைப்போடு தலைப்பும் படமும் தெரிகிறதா என்று பாருங்கள், தெரியாவிட்டால் தளம் அமைத்தவரிடம் சொல்லிச் சரிசெய்யுங்கள். படங்களைச் சின்னதாக்கி ஏற்றுங்கள், பாதிப்பேர் போன் டேட்டாவில் பார்ப்பவர்கள். பணம் கொடுத்து ஆள் சேர்ப்பதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஒருவர் ஆயிரம் பேரைத் தருவதாகச் சொல்லிக் காசு வாங்கினார். எண்ணிக்கை ஏறியது, ஒரு கேள்விகூட வரவில்லை.

எல்லாவற்றையும்விட எனக்கு ஆள் தந்தது கன்று மாற்றும் நாள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, எங்கள் மாடிக் கட்டடத்தின் வாகனத் தரிப்பிடத்தில், ஞாயிறு காலை இரண்டு மணித்தியாலம். ஒவ்வொரு சாடியிலும் ஒரு அட்டை: கன்றின் பெயர், தந்தவர் பெயர், அப்புறம் அந்தக் கன்று பற்றிய பக்கத்துக்கே போகிற கியூஆர் குறி. தளத்தின் முகப்புக்குப் போகிற குறி வேண்டாம், வீட்டுக்குக் கொண்டுபோய் இதை எப்படி வைப்பது என்று பார்க்கத்தான் போனை எடுப்பார்கள். பார்த்தவர்கள் இலை வாடியதும் கேட்க வருவார்கள்.

போன வருஷம் கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த ஒரு அக்கா என்னிடம் ஒரேயொரு ரம்பைக் கன்று வாங்கிப் போனார். ஆறு மாதம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு ஒருநாள் இரவு படம் போட்டிருந்தார். சாடி நிறைந்து பக்கக் கன்றுகள், கீழே ஒரு வரி: "ஐந்து கன்று பிரிச்சு வச்சிருக்கிறன், யாருக்கு வேணும்?"