பிள்ளைகளோட ஒருநாள் கிழங்கு சாப்பாடு, எப்படி ஆரம்பிக்கலாம்

இல்லாதவங்க கஷ்டம் பிள்ளைகளுக்கு புரியணும்னு எங்க வீட்ல செவ்வாய்க்கிழமை ராத்திரி மரச்சீனி (மரவள்ளி) கிழங்கு, காந்தாரி மிளகு (சின்ன காரமான மிளகாய்) சம்மந்தி, அதாவது துவையல், பால் இல்லாத கட்டஞ்சாயா, அவ்வளவுதான். நீங்க மாசம் ஒருநாள்னு ஆரம்பிங்க, பிள்ளைகள்ட்ட முந்தின நாளே சொல்லிருங்க, திடீர்னு வச்சா தண்டனைன்னு நெனச்சிடும்.

கிழங்க தோல் உரிச்சு சின்னதா வெட்டி நிறைய தண்ணில மூடாம நல்லா வேகவிட்டு அந்த தண்ணிய கண்டிப்பா வடிச்சு கொட்டணும், பச்சைக் கிழங்குல சயனைடு உண்டு, இதுல அவசரமே வேண்டாம்.

சாப்பிடும்போது பேசுங்க, அதான் முக்கியம். 1942ல பர்மா ஜப்பான் கைக்கு போயி அரிசி வரத்து நின்னப்ப, அப்ப திருவிதாங்கூர்ல இருந்த நம்ம கன்னியாகுமரி பக்கத்துல பலபேரு பசிய ஆத்துனது இந்த கிழங்குதான். பழைய கதையோட நிறுத்தாதீங்க, ஜூன் ஜூலைல 61 நாள் மீன்பிடி தடைக்காலம், குளச்சல் பக்கம் விசைப்படகுக்கு போறவங்க வீட்ல அப்ப எப்படி அடுப்பு எரியும்னு பிள்ளைகள்ட்ட கேளுங்க. நமக்கு இது ஒருநாள், நாளைக்கு மீன்கறி உண்டுன்னு தெரியும், அவங்களுக்கு அது தெரியாது, இந்த வித்தியாசத்த மறைக்காம சொல்லணும்.

சுகர் உள்ளவங்களுக்கும் சின்ன பிள்ளைகளுக்கும் வழக்கமான சாப்பாடே குடுங்க. போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போடாதீங்க. அன்னைக்கு மிச்சமான காச ஒரு டப்பால போட்டு, யாருக்கு குடுக்கணும்னு பிள்ளைகளே முடிவு பண்ணட்டும்.