பங்கு பிரியாத தோப்பில் உங்கள் உரிமை என்ன? எல்லையோரக் குடும்பங்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி வட்டாரத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்குக் கேரளத்தின் சித்தூர் தாலுகாவில் தென்னந்தோப்பும், எல்லையைத் தாண்டித் தமிழ்நாட்டில் பொள்ளாச்சி பக்கம் கொஞ்சம் காடும் (புன்செய் நிலம்) இருக்கும். அப்பா காலமான பிறகு, "பட்டா அண்ணன் பேரில் இருக்கிறது, கரமும் அவர்தான் கட்டுகிறார், ஆகவே நிலம் அவருடையது" என்று தங்கைகளே நம்பிவிடுகிறார்கள். சட்டப்படி அது தவறு. வரி ரசீதும் பட்டாவும் வருவாய்த் துறையின் பதிவுகளே தவிர அவை உரிமையை உண்டாக்குவதில்லை என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. ஆகவே உங்கள் உரிமை எங்கிருந்து பிறக்கிறது, அது எவ்வளவு, அதைத் தனியாக்கிக்கொள்வது எப்படி என்பதை ஒரு மாதிரிக் குடும்பத்தை வைத்துப் படிப்படியாகப் பார்ப்போம்.

அந்தக் குடும்பத்துத் தந்தை இந்து. தம் சம்பாத்தியத்தில் வடகரப்பதியில் 3 ஏக்கர் தோப்பும், பொள்ளாச்சி தாலுகாவில் 1 ஏக்கர் காடும் வாங்கியவர். உயில் எழுதாமல் இறந்துவிட்டார். மனைவியும், இரண்டு மகன்களும், திருமணமாகிப் போன ஒரு மகளும் இருக்கிறார்கள்.

முதல் படி: தந்தைக்கு இருந்த உரிமை எந்த வகை என்று பாருங்கள்

தந்தையிடம் இல்லாத உரிமை பிள்ளைகளுக்கு வராது. கிரயப் பத்திரத்தின் மூலம் வாங்கியிருந்தால் அது முழு உரிமை. விற்கலாம், அடமானம் வைக்கலாம், உயில் எழுதலாம். செட்டில்மென்ட் பத்திரத்தில் "ஆயுள் உள்ள வரை அனுபவித்து வரவேண்டியது" என்ற வாசகம் மட்டும் இருந்தால் அது ஆயுட்கால உரிமை. அவர் இறந்ததும் பத்திரத்தில் அடுத்துப் பெயர் சொல்லப்பட்டவருக்கு நிலம் போய்விடும், வாரிசுகளுக்கு அதில் பங்கு கிடையாது. குத்தகைக்கு உழுதவருக்கு அனுபவம் உண்டு, உடைமை இல்லை. ஆனால் கேரளப் பகுதியில், நிலச் சீர்திருத்தச் சட்டத்தின் வழியாக லேண்ட் டிரிபியூனல் கொடுத்த பட்டயம் வீட்டுப் பெட்டியில் இருந்தால் அதைச் சாதாரணமாக எண்ணிவிடாதீர்கள்; 1970 ஜனவரி 1 முதல் அங்கே குத்தகை முறை ஒழிந்து, உழுதவரே உடைமையாளரானதற்கு அதுதான் சான்று.

இரண்டாம் படி: பங்கைக் கணக்கிடுங்கள்

1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் இல்லாத சுயசம்பாத்தியச் சொத்து மனைவி, மகன்கள், மகள் ஆகிய நால்வருக்கும் சமமாக, ஆளுக்கு நான்கில் ஒரு பங்காகச் சேரும். தோப்பில் 75 சென்ட், காட்டில் 25 சென்ட் அளவுக்கு ஒவ்வொருவருக்கும் பாத்தியம் உண்டு. மகளுக்குத் திருமணம் எப்போது நடந்தது, எத்தனை பவுன் போட்டார்கள் என்பதெல்லாம் இந்தக் கணக்கில் வராது. இறந்தவரின் தாயார் உயிரோடு இருந்தால் அவரும் ஒரு பங்காளி. அப்போது ஐந்தில் ஒன்று. தந்தைக்கு முன்பே இறந்துபோன மகனின் மனைவி மக்களை விட்டுவிட்டுக் கணக்குப் போடுகிற பழக்கம் பரவலாக இருக்கிறது. அந்த மகனுக்குரிய பங்கு அவர்களைச் சேரும்.

பூர்வீகச் சொத்து என்றால் கணக்கு வேறு. தமிழ்நாட்டில் 2005 செப்டம்பர் 9 முதல் மகளும் மகனைப் போலவே பிறப்பால் உரிமை பெறுகிறாள். அந்தத் தேதியில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்பதை உச்ச நீதிமன்றம் 2020இல் தெளிவாக்கியது. கேரளத்திலோ கூட்டுக்குடும்ப முறையையே ஒழித்த ஒரு சட்டம் 1976 டிசம்பர் 1 முதல் நடப்பில் இருந்தது. பிறப்பால் உரிமை என்பதை அது எடுத்துவிட்டது. அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் 2005ஆம் ஆண்டுத் திருத்தத்துக்கு முரணானவை என்று 2025 ஜூலையில் கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே கேரளப் பகுதியில் பூர்வீக நிலம் உள்ளவர்கள் பழைய பேச்சை நம்பாமல் வழக்கறிஞரிடம் புதிதாக ஆலோசனை கேட்பது நல்லது. கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். மனைவிக்கு மூன்றில் ஒன்று, மீதி பிள்ளைகளுக்குச் சமம்.

மூன்றாம் படி: கூட்டு உரிமை என்றால் என்னவென்று புரிந்துகொள்ளுங்கள்

மிகுதியான சண்டைகள் பிறக்கிற இடம் இதுதான். பாகம் பிரிகிற வரை, "வடக்குப் பக்கத்து வரிசை எனக்கு, தெற்குப் பக்கம் உனக்கு" என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. தோப்பின் ஒவ்வொரு சென்டிலும், கிணற்றிலும், மோட்டார் கொட்டகையிலும் நால்வருக்கும் கால் பங்கு இருக்கிறது. அவரவர் பங்கு தனித்தனி உரிமை. ஒருவர் இறந்தால் அது அவருடைய வாரிசுகளுக்குப் போகுமே ஒழிய மற்றப் பங்காளிகளுக்குப் போகாது.

ஊரிலேயே இருக்கிற மூத்த மகன் பதினைந்து வருடம் தேங்காய் பறித்து விற்றுவந்தார் என்பதால் மட்டும் தோப்பு அவருடையதாகிவிடாது. ஒரு பங்காளியின் அனுபவம் எல்லாப் பங்காளிகளின் சார்பான அனுபவமாகவே கருதப்படும். மற்றவர்களுடைய உரிமையை அவர்களுக்குத் தெரியும்படி வெளிப்படையாக மறுத்து, அதன்பின் 12 ஆண்டுகள் இடைவிடாமல் தனியே அனுபவித்தால்தான் எதிரிடை அனுபவ வாதம் எடுபடும். அதனால் பங்கு கேட்டுப் போன தங்கையிடம் "உனக்கு இங்கே ஒன்றும் இல்லை" என்று அண்ணன் எழுத்தில் சொல்லிவிட்டால், அந்த நாளைக் குறித்துவைத்துக்கொண்டு, காலம் கடத்தாமல் நடவடிக்கை எடுக்க வேண்டும்.

பிரிக்காத பங்கை விற்க முடியுமா? முடியும், 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 44ஆம் பிரிவு அதை அனுமதிக்கிறது. வாங்குகிறவருக்குக் கிடைப்பது அந்தக் கால் பங்கும், பாகம் கேட்கும் உரிமையும்தான். குறிப்பிட்ட ஒரு மூலை அல்ல. குடும்பம் வாழும் வீட்டில் ஒரு பங்கை வெளியாள் வாங்கினால் அவர் உள்ளே வந்து குடியேற முடியாது. அவர் பாகம் கேட்டு வழக்குப் போட்டால், நீதிமன்றம் நிர்ணயிக்கும் விலைக்கு அந்தப் பங்கைக் குடும்பத்தாரே வாங்கிக்கொள்ள 1893ஆம் ஆண்டு பாகப்பிரிவினைச் சட்டம் வழி செய்கிறது. தவிர, ஓர் இந்து வாரிசு தம் பங்கை விற்க முனைந்தால் அதை முதலில் வாங்கிக்கொள்ளும் முன்னுரிமை மற்ற வாரிசுகளுக்கு உண்டு. விவசாய நிலத்துக்கும் இது பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2019இல் சொன்னது.

நான்காம் படி: இரண்டு பக்கத்து ஆவணங்களையும் திரட்டுங்கள்

தமிழ்நாட்டு நிலத்துக்குக் கிரயப் பத்திரம், தாய்ப் பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, சிட்டா, அடங்கல், புல வரைபடம் ஆகியவை வேண்டும். கேரள நிலத்துக்கு ஆதாரம் (பத்திரம்), முன்னாதாரம் (தாய்ப் பத்திரம்), பாத்தியதா சர்ட்டிபிகேட் (வில்லங்கச் சான்று), தண்டப்பேர் (நில உடைமையாளரின் வருவாய்க் கணக்கு எண்), வில்லேஜ் ஆபீஸில் நடப்பு ஆண்டுக்குக் கட்டிய கர ரசீது ஆகியவை வேண்டும். கர ரசீதில் நிலத்தின் வகையைக் கட்டாயம் பாருங்கள். "புரயிடம்" என்றிருந்தால் தோட்டம், மனை. "நிலம்" என்றிருந்தால் அது நெல்வயல், 2008ஆம் ஆண்டு நெல்வயல் பாதுகாப்புச் சட்டத்துக்கு உட்பட்டது, வீடு கட்டப் பல தடைகள் உண்டு. பங்கு பிரிக்கும்போது நெல்வயல் என்று பதிவான பகுதி யார் தலையில் விழுகிறது என்பது சிறிய விஷயமல்ல.

ஐந்தாம் படி: பாகப் பத்திரம் எழுதுங்கள்

வாய்மொழியாகப் பாகம் பிரித்துக்கொள்வது சட்டப்படி செல்லும். ஆனால் பாகம் பிரிக்கிற பத்திரம் என்று ஒன்றை எழுதினால் அதைப் பதிவு செய்தே ஆகவேண்டும், பதியாத பத்திரம் உரிமைக்குச் சான்றாக எடுபடாது. முத்திரைத் தீர்வை மாநிலத்துக்கு மாநிலம் மாறுவதால், கேரள நிலத்துக்கு ஒன்று, தமிழ்நாட்டு நிலத்துக்கு ஒன்று என இரண்டு பத்திரங்களாக எழுதுவதே சிக்கலில்லாத வழி. ஒருவர் தம் பங்கை விட்டுக்கொடுப்பதானால் தமிழ்நாட்டில் விடுதலைப் பத்திரமும் கேரளத்தில் ஒழிமுறியும் எழுதுவார்கள். அம்மாவையோ தங்கையையோ சார்பதிவாளர் முன் நிறுத்திக் கையெழுத்து வாங்கும் முன், அது எதை விட்டுக்கொடுக்கும் பத்திரம் என்று அவருக்குப் புரியும்படி முழுவதையும் வாசித்துக் காட்ட வேண்டும். இது என் வேண்டுகோளும் கூட.

பத்திரத்தில் ஒவ்வொருவர் பங்குக்கும் தனி ஷெட்யூல் இருக்கும். சர்வே எண், உட்பிரிவு எண், பரப்பு, நான்கு மால் (நாற்புற எல்லை), அளந்த வரைபடம் இவற்றோடு தண்ணீரையும் வழியையும் எழுதத் தவறாதீர்கள். கிணறு மூத்தவர் பங்கில் விழுந்தால், "கிணறும் அதைச் சுற்றியுள்ள இடமும் நால்வருக்கும் பொது, முறை வைத்து ஆளுக்கு ஒரு நாள் இறைத்துக்கொள்வது, மின் கட்டணமும் தூர்வாரும் செலவும் நால்வருக்கும் சமம்" என்று எழுத வேண்டும். ரோட்டை ஒட்டாத பங்குக்கு, இளநீர் ஏற்றும் டெம்போ வந்து போகும் அளவுக்கு இத்தனை அடி அகலத்தில் வண்டிப்பாதை என்று வரைபடத்திலும் காட்ட வேண்டும். குழாய் யார் நிலத்தினடியில் போகிறது என்பதைக்கூட எழுதுங்கள். கோடையில் தண்ணீர் இறங்கும்போது அந்த ஒரு வரி ஒரு வழக்கையே தடுக்கும்.

ஒருவர் கையெழுத்துப் போட மறுத்தால், மற்ற எவரும் பாகப்பிரிவினை வழக்குத் தொடுக்கலாம். சொத்து இரண்டு நீதிமன்ற எல்லைகளில் இருந்தாலும், ஏதேனும் ஒரு பகுதி இருக்கும் இடத்து நீதிமன்றத்திலேயே முழுவதற்கும் வழக்குப் போட உரிமையியல் நடைமுறைச் சட்டம் இடம் தருகிறது. முதலில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று பூர்வாங்கத் தீர்ப்பு வரும். பிறகு நீதிமன்றம் அமர்த்தும் கமிஷனர் வந்து அளந்து பிரித்த பின் இறுதித் தீர்ப்பு வரும்.

ஆறாம் படி: பதிவோடு நிறுத்திவிடாதீர்கள்

பத்திரம் பதிவானதும் தமிழ்நாட்டில் உட்பிரிவு செய்து தனிப்பட்டாவுக்கும், கேரளத்தில் வில்லேஜ் ஆபீஸ் வழியாகப் போக்குவரவுக்கும் (வருவாய்ப் பதிவில் பெயர் மாற்றம்) விண்ணப்பியுங்கள். புதிய தண்டப்பேர் எண் கிடைத்த பிறகு, அந்த ஆண்டுக் கரத்தை உங்கள் பெயரிலேயே கட்டி, ரசீதைப் பாகப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள்.